எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள்: தூத்துக்குடியும் தெருவோர ஆண் பாலியல் தொழிலாளரும்

பாலியல் தொழிலாளர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது ஒரு பெண்ணின் உருவமே. சட்டமும் செய்தித்தாளும் நலத்திட்டமும் அந்த உருவத்தை வைத்தே எழுதப்பட்டுள்ளன. கடந்த இருபது ஆண்டுகளில் திருநங்கையரின் போராட்டம் இரண்டாவதாக ஓர் உருவத்தை நம் முன் நிறுத்தியது. ஆனால் பேருந்து நிலையத்தின் பின்புறத்திலும், சரக்குந்துகள் வரிசையில் நிற்கும் சாலையோரத்திலும், கடற்கரையின் இருளிலும் உடலை விற்று வாழும் ஆண்களைப் பற்றி நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை. இருப்பவை வசவுச் சொற்கள் மட்டுமே.

இக்கட்டுரை அந்த ஆண்களின் வாழ்வையும் மனநலத்தையும் சாதி ஒழிப்புப் பார்வையில் விளக்க முயல்கிறது. தனி மனிதர் எவருடைய கதையையும் நாம் இங்கே சொல்லவில்லை. அவர்கள் நிற்கும் இடங்களின் பெயர்களையும் எழுதவில்லை. சிறிய நகரத்தில் ஒரு தெருவின் பெயரே ஒருவரைக் காட்டிக் கொடுத்துவிடும். அடுத்த நாள் அங்கே முதலில் வருவது காவல் வாகனமாகத்தான் இருக்கும்.

துறைமுகமும் பருவகால வேலையும்

தூத்துக்குடி பல நூற்றாண்டுகளாக உடலுழைப்பை இறக்கி ஏற்றிய ஊர். முத்துக்குளிப்புக் காலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் கரையில் தற்காலிகக் குடியிருப்புகளில் கூடினர். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களில் பலர் கப்பலேறிய துறைகளில் தூத்துக்குடியும் ஒன்று. 1974 ஜூலை 11 அன்று புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு வ.உ.சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது. இன்று கன்டெய்னர்களுக்காகக் காத்திருக்கும் சரக்குந்து ஓட்டுநர்களும் உதவியாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளரும் வந்து போகும் நகரமாக அது இருக்கிறது.

இந்நகரத்தின் வேலைகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் கூலி தருவதில்லை. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு உரியது. அதன் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. உப்பளத்தில் வெறுங்காலோடு நின்று உழைப்பவர்களில் தலித் மக்கள் கணிசமானோர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடுகிறது. அந்த மாதங்களுக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். கடலிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. ஒப்பந்தச் சுமைப்பணிக்கோ எந்த உறுதியும் கிடையாது.

வறுமை மட்டுமே ஒருவரைப் பாலியல் தொழிலுக்குக் கொண்டுவருகிறது என்று நாம் கூறவில்லை. நடையிலும் பேச்சிலும் பெண்மை தெரியும் இளைஞர் பள்ளியில் கேலிக்கு ஆளாகி இடையில் நின்றுவிடுகிறார். கல்வி இல்லாதவருக்கு எஞ்சுவது உடலுழைப்பு. சுமைதூக்கும் இடத்திலும் படகிலும் அவரை 'ஆம்பளையா' என்று கேட்டு விரட்டுகிறார்கள். வீடும் ஏற்பதில்லை. இந்த வாயில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின்னர் இருப்பது தெரு. வேறு சிலர் மணமானவர்கள். குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்துக்காகவும் கந்துவட்டிக்காகவும் வாரத்தில் ஓரிரு இரவுகள் மட்டும் வருபவர்கள். தன்பாலீர்ப்பு இல்லாமல் பணத்துக்காக மட்டும் வருபவரும் உண்டு. விருப்பமும் தேவையும் நிர்ப்பந்தமும் ஒரே மனிதரின் வாழ்வில் கலந்து கிடக்கின்றன. அவற்றை நமது வசதிக்காகப் பிரித்துவிட முடியாது.

கணக்கிடும் முறையே மறைக்கிறது

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பரிசோதித்த இரத்த மாதிரிகள் பாலியல் தொழிலாளப் பெண்களுடையவை. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும், 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் உருவாயின. அவற்றின் பட்டியலில் பெண் பாலியல் தொழிலாளர், திருநங்கையர், ஊசிவழிப் போதை மருந்து பயன்படுத்துவோர், 'ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்கள்' ஆகிய பிரிவுகள் உள்ளன. ஆண் பாலியல் தொழிலாளர் இந்தக் கடைசிப் பிரிவுக்குள் கரைந்துபோகிறார்.

அப்பிரிவின் பெயர் ஒரு நடத்தையை மட்டுமே குறிக்கிறது. அதில் வருபவருடைய தொழில், கூலி, கடன், சாதி, இருப்பிடம் எதையும் அது கேட்பதில்லை. ஆணுறை விநியோகமும் இரத்தப் பரிசோதனையும் உயிர் காக்கும் பணிகள். அவற்றின் மதிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் ஒரு மனிதரைத் தொற்று பரவும் வழியாக மட்டுமே பார்க்கும் அமைப்பு, அவர் ஏன் இரவில் தூங்குவதில்லை என்று கேட்க மறந்துவிடுகிறது.

மற்ற இடங்களிலும் இதே நிலைதான். 2020 அக்டோபரில் தேசிய மனித உரிமை ஆணையம் பாலியல் தொழிலாளரை முறைசாராத் தொழிலாளராக ஏற்குமாறு அறிவுறுத்தியது. வரவேற்கத்தக்க அந்த அறிவுரை, பெண்களின் உரிமைகள் குறித்த ஆவணத்தின் பகுதியாகவே வெளிவந்தது. தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையருக்கு நலவாரியம் அமைந்தது. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு அவர்களுடைய அடையாளத்தை ஏற்றது. நீண்ட போராட்டத்தின் பயன்கள் அவை. ஆணாகவே வாழும் பாலியல் தொழிலாளர், தம்மைக் 'கோத்தி' என்று அழைத்துக்கொள்பவர் உட்பட, பெண்களுக்கான திட்டத்திலும் இல்லை, திருநங்கையருக்கான வாரியத்திலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

செயற்பாட்டாளர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டிய பகுதி இது. காலனிய அரசு 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கியது. 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதனை மீண்டும் குற்றமாக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கொண்டாடியதில் நியாயம் உண்டு. ஆனால் அது காத்தது பெரிதும் அறைக்கதவுக்குப் பின்னால் நிகழும் அந்தரங்கத்தை. கதவு இல்லாதவரைத் தொடர்ந்து ஆள்வது வேறொரு சட்டம்.

1956ஆம் ஆண்டின் இழிதொழில் தடுப்புச் சட்டம் தொடக்கத்தில் பெண்களையும் சிறுமியரையும் பற்றியதாக இருந்தது. 1986இல் திருத்தப்பட்டு ஆண்களையும் உள்ளடக்கியது. பணத்துக்காக உறவுகொள்வதை மட்டுமே அச்சட்டம் குற்றம் என்று கூறவில்லை. ஆனால் பொது இடத்தில் அழைப்பு விடுப்பது 8ஆம் பிரிவின்படி குற்றம். அக்குற்றத்தை ஆண் செய்தால் குறைந்தது 7 நாள் முதல் 3 மாதம் வரை சிறை. வழிபாட்டிடம், கல்வி நிலையம், மருத்துவமனை முதலியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வது 7ஆம் பிரிவின்படி குற்றம். தேவாலயமும் கோவிலும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் நெருங்கியிருக்கும் ஒரு கடற்கரை நகரத்தில் 200 மீட்டர் என்பது ஏறத்தாழ எல்லாத் தெருக்களையும் குறிக்கும். சொந்த அறை உள்ளவரும் கைப்பேசிச் செயலி வழியே வாடிக்கையாளரைத் தேடுபவரும் இச்சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. தெருவில் நிற்பவர் மட்டுமே அகப்படுகிறார்.

நடைமுறையில் இச்சட்டமும் பெரும்பாலும் நீதிமன்றம் வரை வருவதில்லை. 'பெட்டி கேஸ்', சந்தேக வழக்கு, மாமூல், கைப்பேசியைப் பறித்து வீட்டுக்குச் சொல்லிவிடுவதாக மிரட்டுவது ஆகியவையே அன்றாடச் சட்டம். கர்நாடக மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இலும் 2003இலும் வெளியிட்ட அறிக்கைகள் பெங்களூருவின் கோத்திகளும் ஹிஜ்ராக்களும் காவலர்களிடமும் ரவுடிகளிடமும் அனுபவித்த வன்முறையை விரிவாகப் பதிவு செய்தன. சென்னையில் வெங்கடேசன் சக்கரபாணி முதலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வும் காவல்துறை, ஊர், குடும்பம், மருத்துவமனை என நான்கு இடங்களிலும் கோத்திகள் மீது வன்முறை நிகழ்வதைக் காட்டியது. காவல் நிலையம் எளிய உடலை என்ன செய்யும் என்பதைத் தூத்துக்குடி மாவட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவலர்கள் நடத்திய சூறையாடலையும், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்ததையும் அவர்கள் கண்டவர்கள்.

இன்னொரு கொடிய இடைவெளி 2024இல் உருவானது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 377ஆம் பிரிவை முழுவதுமாகக் கைவிட்டது. சம்மதமற்ற உறவுக்கு ஆண் பலியாகும்போது வழக்குப் பதிய உதவிய பகுதியும் அதோடு போய்விட்டது. புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு பாலியல் வல்லுறவைப் பெண்ணுக்கு எதிரான குற்றமாகவே வரையறுக்கிறது. ஆகவே வயதுவந்த ஓர் ஆண் இன்று கூட்டாக வன்புணர்வு செய்யப்பட்டாலும், அதைக் காயப்படுத்துதல், சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் போன்ற பிரிவுகளில்தான் பதிய முடியும். நடந்த கொடுமைக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. பெயரில்லாத காயத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதும் கடினம்.

மனம் எவ்வாறு உடைகிறது

2009இல் வெளியான ஒரு சென்னை ஆய்வு, ஆண்களுடன் உறவுகொள்ளும் 210 ஆண்களை ஆராய்ந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கவனிக்கத்தக்க மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. மும்பையில் 150 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில் 45 விழுக்காட்டினரிடம் தற்கொலை எண்ணம் காணப்பட்டது. இவை பாலியல் தொழிலாளரை மட்டும் குறித்தவை அல்ல. தெருவில் நிற்பவரின் சுமை இதற்கு மேலும் கூடுதலானது என்பதை ஊகிப்பது கடினமன்று.

இதற்குக் காரணம் அவர்களுடைய விருப்பத்திலோ மூளையிலோ உள்ள கோளாறு என்று நம்புவோர் இன்னும் உண்டு. அந்நம்பிக்கையை அறிவியல் ஏற்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் இலன் மெயர் 2003இல் விரித்துரைத்த 'சிறுபான்மை அழுத்தம்' என்னும் கோட்பாடு இதனை விளக்க உதவுகிறது. முதல் அடுக்கு நேரடி நிகழ்வுகள்: அடி, வசவு, பணம் தராமல் ஏமாற்றப்படுதல், வேலை மறுப்பு. இரண்டாவது, அவை மீண்டும் நிகழும் என்ற இடைவிடாத எதிர்பார்ப்பு. ஒவ்வொரு வாகன விளக்கையும் காவல் வாகனமா என்று பார்ப்பவரின் உடல் ஓய்வறியாது. தூக்கம் கெடும், எரிச்சல் மிகும், நினைவு சிதறும். மூன்றாவது, மறைத்தல். மனைவியிடம் ஒரு பொய், தாயிடம் ஒரு பொய், வேலையிடத்தில் ஒரு பொய் என ஒவ்வொன்றையும் நினைவில் வைத்து வாழ்வது ஒரு முழுநேர உழைப்பு. நான்காவது, சமூகத்தின் அருவருப்பைத் தமக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளுதல். 'எனக்கு இது வேண்டியதுதான்' என்று ஒருவர் நினைக்கத் தொடங்கும் இடத்தில் தற்கொலையின் அபாயம் பிறக்கிறது.

தொழிலின் தன்மை இதனோடு சேர்கிறது. அருவருப்பையும் அச்சத்தையும் அடக்கப் பலர் குடித்துவிட்டுத்தான் வேலைக்கு நிற்கிறார்கள். போதையில் ஆணுறையை வலியுறுத்த முடிவதில்லை. தொற்றுப் பயம் மறுநாள் மீண்டும் குடிக்கவைக்கிறது. வயது ஏற ஏற வருமானம் குறைகிறது. சேமிப்பு இல்லை, சங்கம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. இவ்வாறு மனச்சோர்வு, குடி, வன்முறை, தொற்று ஆகிய நான்கும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துச் சிகிச்சை அளித்தால் மற்ற மூன்றும் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

சாதி எங்கே நுழைகிறது?

ஓர் ஆணின் உடலுக்கு என்ன விலை, அவருடைய வலிக்கு யார் பதில் சொல்வார் என்பவை சாதியால் முடிவாகும் நாடு இது. தலித் இளைஞர் இரண்டு மறைப்புகளைச் சுமக்கிறார். சேரியில் தன் பாலியலை மறைக்கிறார். பிற கோத்திகளிடமும் வாடிக்கையாளரிடமும் தன் சாதியை மறைக்கிறார். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த தன்பாலீர்ப்பாளருக்குச் சொந்த அறையும் நகரத்து வேலையும் தெரிந்த வழக்கறிஞரும் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தலித் இளைஞருக்குத் தன் ஊரும் உறவும்தான் ஒரே காப்பு. வெளிப்பட்டால் அந்தக் காப்பையும் இழப்பார்.

இதில் நம் இயக்கங்களின் பங்கையும் பேசியாக வேண்டும். தென்மாவட்டங்களில் சாதிய வன்முறைக்கு எதிராக எழுந்த அரசியல், வீரத்தையும் ஆண்மையையும் தன் மொழியாகக் கொண்டது. அடிபணிய மறுத்த ஒரு தலைமுறைக்கு அம்மொழி தேவைப்பட்டது. ஆனால் மேடையில் எதிரியைப் 'பொட்டை' என்று இகழும்போது, கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் நம் வீட்டுப் பிள்ளை தலைகுனிந்து வெளியேறுகிறான். அவனும் அதே கொடியைப் பிடித்து வந்தவன்தான்.

அம்பேத்கர் 1936 ஜூனில் மும்பையில் தேவதாசி, ஜோக்தின், முரளிப் பெண்களிடையே உரையாற்றியபோது அத்தொழிலை விட்டு வெளியேறுமாறு அழைத்தார். அந்த உரையை முன்வைத்து, பாலியல் தொழிலைத் தொழில் என அழைப்பதே சாதிச் சுரண்டலை நியாயப்படுத்துவதாகும் என்று வாதிடும் தோழர்கள் நம்மிடையே உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியின் உடலைப் பொதுச் சொத்தாக்கிய வரலாற்றை அவர்கள் நினைவூட்டுகிறார்கள்; அவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதே அம்பேத்கர் 1934இல், பாலியல் குறித்து வெளிப்படையாக எழுதியதற்காக வழக்கில் சிக்கிய ர.தோ.கர்வேக்காக நீதிமன்றத்தில் வாதாடினார் என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும். பாலியலைப் பற்றிய அறிவை அவர் ஆபாசம் என்று கருதவில்லை.

தொழிலா சுரண்டலா என்ற விவாதம் தொடரட்டும். ஆனால் அந்த விவாதம் முடியும்வரை இன்றிரவு அடிபடுபவர் காத்திருக்க முடியாது. ஒருவர் அத்தொழிலிலிருந்து வெளியேற விரும்பினாலும், தொடர விரும்பினாலும், அவருக்கு முதலில் தேவைப்படுவது அடி இல்லாத இரவும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லும் துணிவும்தான்.

இப்போதே செய்யக்கூடியவை

கையில் உள்ள கருவிகளை அறிந்துகொள்வோம். 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலாளரும் கண்ணியத்துடன் வாழும் உரிமை உடையவர் என்று கூறி வழிகாட்டுதல்களை வழங்கியது. அவர்கள் தரும் புகாரைக் காவல்துறை புறக்கணிக்கக் கூடாது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றச் சான்றாகக் கருதக் கூடாது. ஊடகங்கள் அவர்களுடைய அடையாளத்தை வெளியிடக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதி, பாலினம், பாலியல் சார்பு ஆகியவற்றின் பெயரால் பாகுபாடின்றி அரசு மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 18ஆம் பிரிவில் உறுதி செய்கிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் நோய் விவரத்தை வெளியிடுவதையும் தடுக்கிறது. தன்பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்ய வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் உத்தரவிட்டது.

பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தைச் சேர்ந்தவராகவும் தாக்கியவர் அவ்வாறு அல்லாதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அதன் பாலியல் வன்முறைப் பிரிவுகள் பெண்களுக்கானவை. ஆயினும் ஆடையைக் களைதல், மொட்டையடித்தல், மீசையை அகற்றுதல் போன்ற மனித மாண்புக்கு எதிரான செயல்களைத் தண்டிக்கும் 3(1)(உ-ஆங்கில 'இ') உட்பிரிவு ஆணுக்கும் பொருந்தும். தெருவில் பிடிபடும் ஆண்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுவே.

மாவட்ட அளவில் நாம் வைக்கக்கூடிய கோரிக்கைகள் எளியவை. நம்பிக்கை மையங்களில் பரிசோதனைக்கு வருபவரிடம் தூக்கம், குடி, தற்கொலை எண்ணம் பற்றியும் கேட்கப்பட வேண்டும். தேவைப்படுவோர் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாலை வேளையில், அவர்கள் வரக்கூடிய நேரத்தில், உதவி முகாம் நடத்த வேண்டும். பாலியல் வன்முறைச் சட்டம் ஆணையும் திருநரையும் பாதிக்கப்பட்டவராக ஏற்க வேண்டும். மழைக்கால நிவாரணம் மெய்யான கூலி இழப்புக்கு ஈடாக உயர வேண்டும். இதுவும் மனநலக் கோரிக்கைதான்.

வாழ்வாதாரமும் வீடும் மனத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே சான்று உள்ளது. கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் 2020இல் திருநங்கையருக்கான பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இதே மாவட்டத்தில் பிறந்த தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றோர், சாதியையும் பாலினத்தையும் பிரித்துப் பார்க்காத ஓர் அரசியலைக் கட்டியெழுப்பினர். மாடும் மனையும் சங்கமும் அந்த அரசியலின் பயன்கள். ஆண் பாலியல் தொழிலாளருக்கு இன்று இவற்றில் எதுவும் இல்லை. கோரிக்கை வைக்கும் குரல்கூட இன்னும் உருவாகவில்லை.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வு என்ற பெயரில் கேமராவோடு இரவில் அங்கே செல்லாதீர்கள். உங்கள் விடுதியில், வகுப்பில், ஊரில் 'ஒன்பது' என்று அழைக்கப்படும் இளைஞர் படிப்பை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு இட்டுச்செல்லும் முதல் கதவு அங்கேதான் மூடப்படுகிறது. மனம் தளர்ந்து பேசுபவருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், மாநில அரசின் 104 எண்ணையும், சட்ட உதவிக்கு 15100 எண்ணையும் கொடுங்கள். எண்ணைக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், அழைத்து முடிக்கும்வரை அருகில் இருங்கள்.

தீண்டாமையின் வேர், சில உடல்களைத் தொடத் தகாதவை என்று விலக்குவதில் உள்ளது. இருளில் தொட்டுவிட்டு வெளிச்சத்தில் விலக்கும் சமூகத்தையே இந்த ஆண்கள் ஒவ்வோர் இரவும் எதிர்கொள்கிறார்கள். அந்த இரட்டை வேடத்தை நம் முன்னோர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் இதுவும் நம்முடைய போராட்டம் என்கிறோம்.